மருந்தைக் குறைக்கிறார்கள்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஐ.சி.யு.வை ஒட்டியிருந்த சின்ன அறைக்கு ஸ்ரீவித்யாவைக் கூப்பிட்டார்கள். மாமியார் மங்கையர்க்கரசியும் கூடவே எழுந்தார். ஐந்து நாளாக அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீவித்யா கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

டாக்டர் தேவ்தர் மெதுவாகப் பேசுகிறவர். மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மங்கையர்க்கரசிக்கு மூன்றுமே தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று கணவரோடு புனேவுக்கு வந்தவர். வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பிய ரவிச்சந்திரன், கட்டடத்தின் லிஃப்டுக்கு முன்னால் அப்படியே சரிந்தார். மூளையில் பெரிய ரத்தக்கசிவு. அதன் பிறகு அவர் கண் திறக்கவில்லை. வாயில் குழாய், கழுத்தில் குழாய், கையில் இரண்டு. இயந்திரம் மூச்சு விட, நெஞ்சு ஏறி இறங்கியது.

மகன் முரளி அலுவலக வேலையாக டல்லாஸ் போயிருந்தான். எப்படியோ டிக்கெட் பிடித்து அங்கிருந்து கிளம்பிவிட்டான். சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்வான். விமானம் ஏறுவதற்கு முன் ஸ்ரீவித்யாவிடம், "நான் வர்றதுக்குள்ள டாக்டர் ஏதாவது கேட்டா நீயே முடிவு பண்ணிரு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுச் செய்" என்று சொல்லியிருந்தான். இப்போது அவன் ஏதோ ஒரு கடலுக்கு மேலே இருந்தான்.

டாக்டர் கோப்பைத் திறக்காமலே பேசினார். ரத்தக்கசிவு அதிகமாகியிருக்கிறது. நேற்று முதல் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. மூன்று மருந்துகள் சேர்ந்துதான் ரத்த அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கின்றன. டயாலிசிஸ் ஆரம்பிக்கலாம், ஆனால் உடம்பு தாங்காது. தாங்கினாலும் அவர் எழுந்துவரப் போவதில்லை. இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஒருமுறை மங்கையர்க்கரசியைப் பார்த்துவிட்டு, மீண்டும் ஸ்ரீவித்யாவிடம் திரும்பினார்.

"ஐ வுட் சஜஸ்ட் வீ கர்டெய்ல் த ட்ரீட்மென்ட், மேடம்."

ஸ்ரீவித்யா புனேவின் ஔந்த் பகுதியில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறவள். ‘கர்டெய்ல்’ என்பதை அவள் போர்டில் எழுதி, சாக்பீஸால் அடிக்கோடிட்டுப் பாடம் நடத்தியிருக்கிறாள். குறைப்பதற்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு, ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று உட்காராது என்று பிள்ளைகளுக்குச் சொல்வாள். பாவாடையின் நீளத்தைக் குறைத்தால் ‘ஷார்டன்’. பெரிய புத்தகத்தைச் சுருக்கினால் ‘அப்ரிட்ஜ்’. பெயரை முதலெழுத்தாக்கினால் ‘அப்ரீவியேட்’. இன்னும் போகவேண்டிய ஒன்றை, அதன் முடிவு வருவதற்கு முன்னால் நடுவில் நிறுத்திவிட்டால் ‘கர்டெய்ல்’. விடுமுறையை, பயணத்தை, பேச்சை. உதாரணம் கேட்டால் பிள்ளைகள் மழையையும் கிரிக்கெட்டையும் சொல்வார்கள். அந்தச் சொல்லின் பொருளில் அவளுக்கு இம்மிகூடச் சந்தேகம் இல்லை.

"எவ்வளவு நாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நாள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நாளைக்கே இருக்கலாம். புதிதாக எதையும் தொடங்க மாட்டோம். இப்போது ஓடுவதைக் கூட்ட மாட்டோம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த மாட்டோம். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வோம்." அவர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். "மனைவியின் சம்மதம் வேண்டும். உங்கள் மொழியில் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்."

உங்கள் மொழி. ஸ்ரீவித்யா புனேவை அடுத்த தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ராணுவக் கிடங்கில் கணக்கர். சொந்த ஊரான சேலத்தை அவள் லீவுக்குத்தான் பார்த்திருக்கிறாள். வீட்டில் பேசிய தமிழ் சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம், திட்டு, கொஞ்சல் இவ்வளவுக்கும் போதுமானதாக இருந்தது. கடை என்றால் இந்தி, பக்கத்து வீடு என்றால் மராத்தி, யோசிப்பது ஆங்கிலத்தில். தமிழ் எழுத்தை, பஸ் போர்டு படிக்கும் வேகத்தில் படிப்பாள். ஒரு பெண்ணிடம் அவளுடைய கணவர் சாகப்போவதைச் சொல்ல வேண்டிய தமிழ் அவளுக்கு இதுவரை தேவைப்பட்டதில்லை.

மங்கையர்க்கரசி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கண்ணு சொல்றாரு?"

"அத்தை..." என்று ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்த வினைச்சொற்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. நிறுத்தறாங்க என்று சொல்லலாம். அது கைவிட்டுவிட்டார்கள் என்பது போலக் கேட்கும். வெட்டறாங்க என்று சொல்ல முடியாது. முடிக்கறாங்க என்றும் சொல்ல முடியாது. டாக்டரின் சொல்லில் இருந்த மெத்தென்ற தன்மை வேண்டும், உண்மையும் வேண்டும். "அத்தை, மாமாவுக்கு... மத்லப்... அதாவது, இப்போ குடுக்கற மருந்தெல்லாம் கொறைக்கப் போறாங்களாம்."

மங்கையர்க்கரசியின் முகம் ஒரு நொடி அசையாமல் இருந்தது. பிறகு மெல்ல விரிந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து டாக்டரைக் கும்பிட்டார்.

"கொறைக்கறாங்களா? முருகா. எனக்குத் தெரியுமுங்க. காத்தால போய்ப் பாக்கறப்பவே மொகம் தெளிஞ்சாப்பல இருந்துச்சு."

டாக்டர் தேவ்தர் குழப்பத்தோடு ஸ்ரீவித்யாவைப் பார்த்தார். ஒரு துக்கத்தை இப்படி ஏற்றுக்கொள்கிற பெண்களை அவர் பார்த்திருக்கலாம். தலையைக் குனிந்து அவரும் கும்பிட்டார்.

"அத்தை, அப்படி இல்ல. கொறைக்கறதுன்னா..." என்றாள் ஸ்ரீவித்யா.

"தெரியும் கண்ணு. ஒரே நாள்ல நிறுத்த மாட்டாங்க. கொஞ்சங்கொஞ்சமாத்தானே கொறைப்பாங்க. எங்கண்ணனுக்குக் காமாலை வந்தப்பவும் அப்படித்தான் பண்ணுனாங்க." மேசையில் இருந்த தாளைப் பார்த்தார். "இதுல எங்க கையெழுத்துப் போடோணும்?"

அருகில் நின்ற சிஸ்டர் பேனாவை நீட்டினாள். ஸ்ரீவித்யா வாயைத் திறந்தாள். ஐந்து நாளாக அந்த முகத்தில் இப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்க்கவில்லை. அதை அணைக்கத் தன்னிடம் இருப்பது அரைகுறையான நாலு சொற்கள் மட்டும்தான் என்று தோன்றியது. முரளி நாளைக்கு வந்துவிடுவான். அவன் அம்மாவுக்கு அவன் சொல்லட்டும். அவனுக்குச் சொல்லத் தெரியும். ஒரே ஒரு நாள்.

மங்கையர்க்கரசி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாளில் கோடிட்ட இடத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலச் சீராக, ‘ர. மங்கையர்க்கரசி’ என்று எழுதினார். சாட்சி என்ற இடத்தில் ஸ்ரீவித்யா ஆங்கிலத்தில் கையெழுத்திட்டாள்.

வெளியே வந்ததும் மங்கையர்க்கரசி பசிக்கிறது என்றார். திங்கட்கிழமையிலிருந்து டீயைத் தவிர எதையும் தொடாதவர். காண்டீனில் போஹாதான் இருந்தது. ஒரு தட்டு முழுவதையும் சாப்பிட்டார். "அவல்தானே இது? பரவால்ல, எலுமிச்சைச் சோறாட்ட இருக்குது" என்றார். நெற்றியில் அழிந்திருந்த குங்குமத்தைப் பையிலிருந்து எடுத்துத் திருத்திக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்து மகள் சுப்ரஜாவைக் கூப்பிட்டார்.

சுப்ரஜா பொள்ளாச்சியில் இருக்கிறாள். அன்று சாயங்காலம் கோவையிலிருந்து பெங்களூர் வழியாகப் புனேவுக்கு விமானம் பதிவு செய்திருந்தாள். அவள் மகன் அபினவுக்கு மறுநாள் ப்ளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு. கணவர் வெளியூரில் இருந்ததால் அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு.

"சுப்பு, மருந்தெல்லாம் கொறைச்சுப் போட்டாங்களாம்" என்றார் மங்கையர்க்கரசி. காண்டீனில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் உயர்ந்தது. "ஆமா, பெரிய டாக்டரே கூப்பிட்டுச் சொன்னாரு. கையெழுத்துக்கூட வாங்கிட்டாங்க. நீ எதுக்கு அடிச்சுப் புடிச்சு ஓடியாறே? பையனுக்குப் பரீட்சை இருக்குது. அவனைப் பாரு. ஞாயித்துக்கெழமை வந்தாப் போதும். அப்பன் எந்திரிச்சு உக்காந்திருப்பாரு, பேசலாம்."

ஸ்ரீவித்யா எதிரில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்த டீ ஆறிவிட்டது. "அத்தை, சுப்ரஜா இன்னிக்கே வரட்டும்" என்றாள்.

"எதுக்கு கண்ணு? பாவம், அந்தப் பையன் தனியா என்ன பண்ணுவான்?"

கைகழுவும் இடத்துக்குப் போய் நின்றுகொண்டு சுப்ரஜாவுக்குச் செய்தி எழுதினாள். சுப்ரஜா பி.காம். படித்தவள், ஆங்கிலம் தெரியும். தமிழில் வராதது ஆங்கிலத்தில் வரும் என்று நினைத்தாள். அங்கும் ‘இறப்பு’ என்ற சொல்லை அவள் விரல் எழுதவில்லை. சிகிச்சையைக் ‘கர்டெய்ல்’ செய்ய டாக்டர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள், தயவுசெய்து இன்றே கிளம்பி வா என்று எழுதி அனுப்பினாள்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. கும்பிடும் கைகள் மூன்று. ‘தேங்க் காட் அண்ணி. அம்மா இப்பத்தான் சொன்னாங்க. சண்டே வந்துடறேன்.’

அம்மா சொன்ன அர்த்தத்தையே சுப்ரஜா அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் போட்டுக்கொண்டுவிட்டாள். ஸ்ரீவித்யா உடனே அவளைக் கூப்பிட்டாள். "சுப்ரஜா, நீ இன்னிக்கே வரணும்" என்று ஆரம்பிக்கும்போதே மங்கையர்க்கரசி பின்னால் வந்து நின்றார்.

"அவகிட்டயா பேசறே? குடு கண்ணு, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்று போனை வாங்கிக்கொண்டார். வரும்போது கோயம்புத்தூர் வீட்டிலிருந்து கணவரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் நரசிம்மர் படத்தையும் எடுத்துவரச் சொன்னார். "டிக்கெட்டை மாத்திட்டியா? மாத்திட்டியா, செரி" என்று சொல்லி, அழைப்பைத் துண்டித்துவிட்டுத் தந்தார். அதற்குப் பிறகு ஸ்ரீவித்யா இரண்டு தடவை முயன்றாள். சுப்ரஜா எடுக்கவில்லை. பையனை டியூஷனுக்குக் கூட்டிப்போயிருப்பாள்.

ஐ.சி.யு.வில் அந்தோணியம்மாள் என்று ஒரு ஆயா இருந்தாள். ஆகுர்டியிலிருந்து வருகிறவள். மற்றவர்களுக்கெல்லாம் ‘மாவ்ஷி’, மராத்தியில் சித்தி. தமிழ்க் குடும்பம் என்று தெரிந்ததிலிருந்து மங்கையர்க்கரசிக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பாள். மூன்று மணிக்கு அவள் துணி மூட்டையோடு லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஸ்ரீவித்யா அவளிடம் போனாள்.

"அக்கா, எங்க மாமாவோட கேஸ் உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா. சிஸ்டர் பேசிக்கிட்டாங்க." அந்தோணியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க அத்தை என்னம்மா சிரிச்சிக்கிட்டு இருக்காங்க? என்கிட்ட வந்து, நாளைக்கு வார்டுக்கு மாத்திருவாங்களான்னு கேக்காங்க. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல."

"அவங்களுக்குப் புரியல அக்கா. நான் சரியா சொல்லல. நீங்க ஒரு தடவை சொல்றீங்களா? உங்களுக்கு நல்லா தமிழ் வரும்."

அந்தோணியம்மாள் மூட்டையைத் தரையில் வைத்தாள். "நான் எப்படிம்மா சொல்லுவேன்? நோயாளியப் பத்தி ஒரு வார்த்தை பேசினேன்னு தெரிஞ்சா இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருவாங்க. டாக்டரே சொல்ல வேண்டியது." ஸ்ரீவித்யாவின் கண்களைப் பார்த்துவிட்டு அவள் முழங்கையைத் தொட்டாள். "நீங்கதான் சொல்லணும். வார்த்தைய தேடாதீங்க. பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சிக்கிட்டு அழுங்க. அவங்களுக்கே வெளங்கிரும்."

லிஃப்ட் வந்தது. அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அது நல்ல யோசனை என்று ஸ்ரீவித்யாவுக்குத் தெரிந்தது. மங்கையர்க்கரசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் வந்தது. மங்கையர்க்கரசி உடனே அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அஞ்சு நாளா நீ ஒத்தையில அலைஞ்சது எனக்குத் தெரியாதா அம்மிணி? அழுதுரு. எல்லாம் தாண்டியாச்சு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். "என்ற மகளே இருந்தாலும் இப்படிப் பாத்திருக்க மாட்டா."

ஸ்ரீவித்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவருக்கு டீ வாங்கப் போனாள்.

ஐந்து மணிக்கு உள்ளே போய்ப் பார்க்க ஐந்து நிமிடம் விட்டார்கள். ரவிச்சந்திரனின் கைகள் வீங்கியிருந்தன. மங்கையர்க்கரசி அவர் காதருகே குனிந்தார். "ஏனுங்க, மருந்தெல்லாம் கொறைச்சாச்சுங்க. இன்னும் ரெண்டு நாளு. பையன் வர்றான். புள்ளையும் வர்றா. எல்லாருஞ்சேந்து ஊருக்குப் போயிரலாமுங்க. இந்தக் குளுரு உங்களுக்கு ஆகலை, நான் அப்பவே சொன்னேன்" என்றார். போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிவிட்டார். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். மங்கையர்க்கரசி அதைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தும், "ஓய்வெடுக்கட்டும், நாளைக்குப் பேசிக்கலாம்" என்று தானே வெளியே வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, இன்று வார்டுக்கு மாற்றுவார்கள் என்று சொல்லி, மங்கையர்க்கரசி கணவரின் சலவை வேட்டியும் துண்டும் எடுத்துப் பையில் வைத்தார். ஒன்பதே காலுக்கு மருத்துவமனையிலிருந்து ஸ்ரீவித்யாவுக்குப் போன் வந்தது. உடனே வாருங்கள் என்று இந்தியில் சொன்னார்கள். ஆட்டோவில் போகும்போது மங்கையர்க்கரசி, இந்த ஊர்க் கொய்யாவைப் பற்றியும் முரளிக்குச் சின்ன வயதில் கொய்யா ஒத்துக்கொள்ளாததைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். ஸ்ரீவித்யா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐ.சி.யு. வாசலில் அந்தோணியம்மாள் நின்றிருந்தாள். மங்கையர்க்கரசியைப் பார்த்ததும் முன்னால் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். உள்ளே திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. இயந்திரங்களின் சத்தம் நின்றிருந்தது.

"மருந்தைக் கொறைச்சாங்களே" என்றார் மங்கையர்க்கரசி. திரும்பி ஸ்ரீவித்யாவைப் பார்த்தார். "கொறைச்சாங்கன்னுதானே கண்ணு சொன்னே?" மீண்டும் அந்தோணியம்மாளிடம், "கொறைச்சாங்களே" என்றார். அவர் கையிலிருந்த பை கீழே விழுந்து, வேட்டி மடிப்புக் கலையாமல் தரையில் கிடந்தது.

முரளி மூன்று மணிக்கு வந்தான். சுப்ரஜாவும் அபினவும் இரவு விமானத்தில் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தகனம் முடிந்தது. ஈமச் சடங்குகளின் பரபரப்பில் யாருக்கும் எதையும் கேட்க நேரம் இருக்கவில்லை. ஸ்ரீவித்யா சமைத்தாள், வந்தவர்களுக்கு வழி சொன்னாள், பள்ளிக்கு லீவு எழுதினாள். முரளியிடம் விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே டாக்டர் சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டிருந்தாள். அவன் புரிந்துகொண்டான். "நீ சரியாத்தான் முடிவு பண்ணிருக்க" என்றான். அம்மா என்ன புரிந்துகொண்டார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது வெளியே வந்தது. நடுக்கூடத்தில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். சுப்ரஜாவுக்கு மனம் ஆறவில்லை. "மருந்தைக் கொறைக்கற அளவுக்குத் தேறுன மனுசன் மறுநாளு எப்படிண்ணா போவாரு? அவங்க ஏதோ தப்புப் பண்ணிட்டாங்க. மாத்தி ஊசி போட்டுட்டாங்க. கேக்காம விடக்கூடாது" என்றாள்.

"தேறினாருன்னு யாரு சொன்னா?" என்றான் முரளி.

"அம்மாதான். பெரிய டாக்டரு கூப்பிட்டுச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாங்கன்னு."

முரளி ஸ்ரீவித்யாவைப் பார்த்தான். எழுந்துபோய் மருத்துவமனைக் கோப்பை எடுத்துவந்தான். அந்தத் தாளைத் தேடி எடுத்து, மனதுக்குள் ஒருமுறை படித்தான். அடியில் அம்மாவின் தமிழ்க் கையெழுத்து இருந்தது.

"என்ன சாமி எழுதியிருக்குது?" என்றார் மங்கையர்க்கரசி.

முரளி தரையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பா இனிமே பொழைக்க மாட்டாரும்மா. இதுக்கு மேல அவரைச் சித்திரவதை பண்ண வேண்டாம், நிம்மதியாப் போக விட்டுரலாம்னு எழுதியிருக்குது. அதுக்குச் சம்மதம்னு நீங்க போட்ட கையெழுத்து இது."

ஸ்ரீவித்யா சமையலறை வாசலில் நின்று கேட்டாள். அவன் சொன்னதில் அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. பொழைக்க மாட்டார். போக விட்டுரலாம். எல்லாமே வீட்டில் தினமும் புழங்குகிற சொற்கள்.

"நானா போட்டேன்?" என்றார் மங்கையர்க்கரசி. தாளை வாங்கிக் கையெழுத்தை மட்டும் உற்றுப் பார்த்தார். "ஆமா. நாந்தான்."

சுப்ரஜா எழுந்துவிட்டாள். "அண்ணி, உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சேதான் என்னை வர விடாமப் பண்ணுனீங்களா?"

"நான் உனக்கு மெசேஜ் பண்ணேன் சுப்ரஜா. இன்னிக்கே வான்னு எழுதினேன்."

"என்னமோ கர்டெய்ல்னு எழுதுனீங்க. அப்பா சாகப்போறாருன்னு எழுதுனீங்களா? அந்த வார்த்தைய நான் வாழ்க்கையில எங்க பாத்தேன்? நீங்க டீச்சரு, உங்களுக்குத் தெரியும். எனக்குக் கொறைக்கறதுன்னுதான் தெரிஞ்சுது."

"போன் பண்ணேன். அத்தை வாங்கிட்டாங்க."

"மறுபடியும் பண்ண வேண்டியதுதானே?"

"பண்ணேன். நீ எடுக்கல."

"நான் எடுக்கலைன்னா அபினவ் நம்பர் இருக்குது, எங்க வீட்டுக்காரரு நம்பர் இருக்குது." சுப்ரஜா அம்மா பக்கம் கையை நீட்டினாள். "அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லீங்க. பக்கத்துலயேதானே இருந்தாங்க."

"எனக்குத் தமிழ்ல சொல்ல வரல" என்றாள் ஸ்ரீவித்யா.

"தமிழ்ல வரலையா, சொல்லவே வரலையா?"

முரளி, "சுப்பு, போதும் விடு" என்றான். ஆனால் அவனும் ஸ்ரீவித்யாவின் பக்கம் திரும்பவில்லை. தான் மூன்று நாளாக அவளை மெச்சிக்கொண்டிருந்தது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சுப்ரஜாவின் கேள்விக்கு ஸ்ரீவித்யா உள்ளுக்குள் பதில் தேடினாள். வெள்ளிக்கிழமை அந்த அறையில் தன்னைத் தடுத்தது மொழியா, பயமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மொழி வரவில்லை என்பது பொய்யில்லை. அது மட்டும்தான் காரணம் என்பதும் உண்மையில்லை.

மங்கையர்க்கரசி யாரையும் திட்டவில்லை. தாளை மடித்து மகனிடம் கொடுத்தார். பிறகு யாரிடமும் அல்லாமல் பேசினார்.

"ரெண்டு நாள்ல ஊருக்குப் போலாமுன்னு அவுங்க காதுல சொன்னேன். ரெண்டு நிமிசம் இருந்துச்சு. நாளைக்குப் பேசிக்கலாமுன்னு வெளிய வந்துட்டேன்." கைகளைப் பிரித்துப் பார்த்தார். "தெரிஞ்சிருந்தா அவுங்க காலைப் புடிச்சுக்கிட்டாவது நின்னிருப்பேன். நாப்பத்தாறு வருசத்துல சண்டையில சொன்னது, சொல்லாதது எவ்வளவோ இருந்துச்சு. பொய்யச் சொல்லி அனுப்பிச்சுப்போட்டனே."

ஸ்ரீவித்யா அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை" என்றாள். மங்கையர்க்கரசி அவளைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. சற்று நகர்ந்து இடம்விட்டார், பஸ்ஸில் முன்பின் தெரியாதவருக்கு விடுவது போல.

வியாழக்கிழமை எல்லோரும் அஸ்தியோடு கோயம்புத்தூர் போனார்கள். பவானிக் கூடுதுறையில் கரைத்தார்கள். காரியம் முடியும்வரை ஸ்ரீவித்யா அங்கே இருந்தாள். மருமகள் செய்ய வேண்டியதையெல்லாம் சுப்ரஜாவின் மாமியார் சொல்லச் சொல்லச் செய்தாள். யாரும் அவளிடம் முகம் சுளிக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார்கள், பாய் போட்டுக் கொடுத்தார்கள். அவள் வந்தால் மட்டும் பேச்சு நின்றது. மங்கையர்க்கரசி புனேவுக்குத் திரும்பவில்லை. மகளோடு பொள்ளாச்சியில் இருந்துகொள்வதாகச் சொன்னார். முரளி வற்புறுத்தவில்லை.

புனேவில் முரளி தினமும் சாயங்காலம் அம்மாவோடு பேசுவான். முடிக்கும்போது போனை ஸ்ரீவித்யாவிடம் கொடுப்பான். "சாப்டியா கண்ணு?" "சாப்டேன் அத்தை. நீங்க?" "ஆச்சு." "முட்டி வலி எப்படி இருக்கு?" "இருக்குது." பிறகு யாராவது ஒருவர் வைத்துவிடுவார்.

மே மாதத்தில் ஒருநாள் முரளி ஆபீசிலிருந்து வரத் தாமதமானது. ஸ்ரீவித்யா தானாகவே கூப்பிட்டாள். பல நாளாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவைத்திருந்தாள். அதைத் தமிழில், தமிழ் எழுத்தில், ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டாள். சொல் ஏதும் தப்பாக இருக்குமோ என்று அந்தோணியம்மாளிடம் ஒருமுறை போனில் படித்துக்காட்டியும் இருந்தாள். அன்று உங்களிடம் உண்மையைச் சொல்லாமல் விட்டது என்னுடைய கோழைத்தனம், மாமாவிடம் நீங்கள் விடைபெற முடியாமல் போனதற்கு நான்தான் காரணம், என்னை மன்னித்துவிடுங்கள். இவ்வளவுதான்.

"அத்தை, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். தாளைப் பார்த்து முதல் வரியைப் படித்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு முழுவதையும் படித்து முடித்தாள்.

மறுபக்கம் குக்கர் இரண்டு விசில் விட்டது. சுப்ரஜா யாரிடமோ தேங்காய் உடைக்கச் சொல்வதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"லைன் செரியாக் கேக்கலை கண்ணு" என்றார் மங்கையர்க்கரசி. "முரளி வந்ததும் பேசச் சொல்லு. வெச்சுடறேன்."

ஸ்ரீவித்யா அந்தத் தாளை மடித்து ஆங்கிலப் பாடப்புத்தகத்துக்குள் வைத்தாள்.